கயலுக்கு ஒரு கையெழுத்து

குழு: ஆயா வீட்டு ஆளுங்க

கயல்: அப்பா, அலைச்சறுக்குப் போட்டி ஃபாரம் இன்னிக்கு ராத்திரி 10 மணிக்குள்ள அனுப்பணும். எனக்கு 18 ஆகல, உங்க கையெழுத்து வேணும்

சாந்தி சித்தி: அந்த ஞாயித்துக்கிழமைதானே நம்ம மீனா வளைகாப்பு 😳

பெரியப்பா: பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது. படிக்கச் சொல்லு

தினேஷ் அண்ணன்: பெரியப்பா, 2025 ஆகஸ்ட்ல ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்துலதான் நடந்துச்சு. நம்ம நாட்டு ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினாரு

பெரியப்பா: அவன் ஆம்பள

செல்வி அத்தை: அண்ணே, ரெல் சன்-னு ஒரு அலைச்சறுக்கு வீராங்கனை இருந்தா. முன்னாடியே இந்தக் குழுவுல எழுதினேன், யாரும் படிக்கல. ஹவாய்ல மக்காஹான்னு ஒரு கடற்கரை, 1950ல அங்கதான் பொறந்தா. நாலு வயசுலயே போர்டுல ஏறிட்டா. பல போட்டில பொண்ணுங்களுக்குன்னு பிரிவே இருக்காது, பசங்களோடதான் மோதணும். அப்படி மோதி மோதி வந்தவ. ஹவாய்ல முதல் பெண் உயிர்காப்பாளரும் அவதான். கடல்ல மாட்டிக்கிட்ட ஆம்பளைங்களையும் சேத்துத்தான் இழுத்துட்டு வந்திருப்பா

சாந்தி சித்தி: டெம்போ யாரு சொல்றது? சேர் எடுக்கணும்

தினேஷ் அண்ணன்: நான் சொல்லிட்டேன்மா

பெரியப்பா: இதுல காசு வருமா

தினேஷ் அண்ணன்: 2019லேந்து உலக சர்ஃப் லீக்னு இருக்குற பெரிய அலைச்சறுக்குப் போட்டித் தொடர்ல ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசுத் தொகை

செல்வி அத்தை: அது தானா வரல தினேஷு. 1970கள்ல ரெல் சன்னும் இன்னும் சில பொண்ணுங்களும் சேந்துதான் பெண்களுக்குன்னு தனிச் சங்கம், தனிப் பரிசுப் போட்டின்னு உண்டாக்குனாங்க. ஜெயிச்சோமா, கோப்பையத் தூக்கிட்டுப் போனோமான்னு அவ இருந்துடல. 1976ல மக்காஹாவுல சின்னப் பசங்களுக்குன்னே ஒரு போட்டி ஆரம்பிச்சா, மெனெஹூனேன்னு பேரு. 12 வயசுக்குள்ள இருக்குற பசங்களுக்கு. எனக்கு அவகிட்ட ரொம்பப் புடிச்சது இதுதான்

செல்வி அத்தை: போன வாரம் கயலக் கரையில பாத்தேன். போர்டு முனை உடைஞ்சு ரெசின் ஊத்தி ஒட்டியிருக்கு. இவ மெழுகு தேச்சுட்டு இருக்கா, பக்கத்து வீட்டு வாண்டு ரெண்டு மறுமுனையப் புடிச்சுட்டு நிக்குதுங்க. “அக்கா எங்களுக்கு எப்போ”ன்னு கேக்குதுங்க. அதுங்களுக்காகவாவது இவ போகணும்

பெரியப்பா: நீ இன்னும் அந்த நீச்சல் விஷயத்த மறக்கல செல்வி

செல்வி அத்தை: மறக்கல அண்ணே. மாவட்டப் போட்டி அன்னிக்குக் காலைல என் பைய அரிசி மூட்டைக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சது நீங்கதான். பஸ் போயிடுச்சு

சாந்தி சித்தி: ஐயோ இப்ப எதுக்கு அண்ணி

மீனா அக்கா: அத்தை ❤️

பெரியப்பா: டெம்போக்காரன் ரெண்டாயிரம் கேக்கறான்

தினேஷ் அண்ணன்: ஆயிரத்து ஐநூறுன்னுதானே பேசினேன்!

கயல்: அத்தை, அவங்க இப்ப எங்க இருக்காங்க?

செல்வி அத்தை: இல்லடா கண்ணு. 32 வயசுல மார்புல புற்றுநோய். ஒரு வருஷம்தான்னு சொன்னாங்களாம். கிட்டத்தட்ட 15 வருஷம் இருந்தா, உடம்பு இடங்கொடுத்தப்பல்லாம் கடல்ல இறங்கினா. 1998 ஜனவரில, 47 வயசுல போயிட்டா. சாம்பல அதே மக்காஹா கடல்லதான் கரைச்சாங்க, கரை பூரா ஜனம்

சாந்தி சித்தி: ஆயாவுக்குப் படிச்சுக் காட்டினேன். “தாத்தா இருந்தா அவரே கட்டுமரத்துல பின்னாடி போயிருப்பாரு”ங்குது. அழுவுது

அப்பா: இப்பதான் வலை பிரிச்சுட்டு வந்தேன். எல்லாம் படிச்சேன்

அப்பா: அந்த வாரம் கடல்ல நீவாடு (நீரோட்டம்) எப்படி இருக்கும்னு இப்பவே சொல்ல முடியாது. இழுப்பு ஜாஸ்தியா இருந்தா யாரு பொறுப்பு?

கயல்: உயிர்காக்குறவங்க இருப்பாங்கப்பா. போர்டோட சேத்துக் காலுல கட்டுற கயிறும் இருக்கும்

செல்வி அத்தை: தம்பி, நானும் கரையில நிக்கிறேன். லீவு போட்டாச்சு

சாந்தி சித்தி: அப்ப வளைகாப்புக்கு யாரு வளையல் போடுவா அண்ணி?? மூத்த அத்தை நீங்க

மீனா அக்கா: சாயந்திரமா வச்சுக்கலாமே

பெரியப்பா: நல்ல நேரம் காலைல 9லேந்து 10:30 தான்

கயல்: அப்பா மணி 9:20

அப்பா: எந்த இடத்துல போடணும், கீழயா?

கயல்: ஆமாப்பா கீழ வலது பக்கம் 🙏

பெரியப்பா: போட்டி எத்தன மணிக்கு ஆரம்பம்?