600 வருஷத்து ஓக் வீட்டைப் பிரித்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். நம்ம தேக்கு வீட்டுக்கும் முடியுமா?

தாட்டோன்காரன்:
ஐயாமாரே, அண்ணன்மாரே, வணக்கம். பர்மாவில் தாட்டோன் பக்கம் ஒரு கிராமத்தில் தாத்தா கட்டிய தேக்கு வீடு நிற்கிறது. நிலம் எங்கள் கையை விட்டுப் போகிறது. வீட்டைப் பிரித்து, மோல்மேனில் தம்பி வாங்கிய மனையில் நிறுத்தலாமா என்று யோசிக்கிறோம். மரத்தை விற்றுவிட்டு செங்கல் வீடு கட்டச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு மனசு வரவில்லை.

இங்கிலாந்தில் பேலீஃப் என்ற பண்ணை வீட்டைப் பற்றிப் படித்தேன். கென்ட்டில் 1400களின் தொடக்கத்தில் ஓக் மரச் சட்டகத்தில் எழுப்பியது. நீர்த்தேக்கம் வருகிறது என்று 1968-69இல் பிரித்து, மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் ஊரிலுள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பழைய பொருத்துகள் பிரித்தபின் எப்படிச் சேர்ந்தன? நம்ம தேக்கும் அப்படிச் சேருமா?

பெகு ஆசாரி:
சேரும் தம்பி. அந்த வீடு பிரிவதற்கு ஏன் இடம் கொடுத்தது என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள்.

அங்கே ஓக்கை வெட்டிய ஈரத்தோடேயே வேலை செய்வார்கள். காய்ந்துவிட்டால் இறுகிப்போய் உளி இறங்காது. நம்மிடம் நேர்மாறு. தேக்கை நிற்கும்போதே அடியில் சுற்றிவரக் கொத்தி, சில வருஷம் நின்றபடியே காயவிட்டுச் சாய்ப்பது பழைய வழக்கம். ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோக வேண்டுமே, பச்சைத் தேக்கு மிதக்காதே.

ஈரமரம் கட்டியபின் சுருங்கும். அதற்கு அவர்கள் செய்திருக்கும் வேலையைப் பார்த்து நான் பிரமித்துப் போயிருக்கிறேன். ஒரு மரத்தின் நுனியைச் செதுக்கி இன்னொரு மரத்தின் குழியில் நுழைப்பார்கள், அந்த நுனிதான் கழுந்து. கழுந்தில் ஆணிக்காகப் போடும் துளையை வெளிமரத்து ஆணித்துளைக்கு நேராகப் போடுவதில்லை. கொஞ்சம் தோள் பக்கமாக, அதாவது கழுந்து தொடங்கும் பக்கமாகத் தள்ளிப் போடுவார்கள். பிளந்து சீவிய மர ஆணியை அடித்தால் அது லேசாக வளைந்து நுழைந்து, கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கிவிடும். பிறகு மரம் எவ்வளவு சுருங்கினாலும் பிடி விடாது. இரும்பு ஆணி அங்கே சரிப்படாது. ஓக்கின் துவர்ப்பு, ஈரம் பட்டால் இரும்பை அரித்துவிடும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓக் கோணல்மாணலாக வளரும் மரம். ஒவ்வொரு கழுந்தையும் அதற்குரிய குழியோடு வைத்துப் பார்த்துத்தான் செதுக்கினார்கள். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. அதனால் சட்டகத்தைத் தரையில் படுக்கவைத்துச் சேர்த்துப் பார்ப்பார்கள். சேருகிற இரண்டு மரத்திலும் ஒரே ரோமன் எண்ணைக் கீறுவார்கள். அதெல்லாம் நேர்கோடுதானே, உளிக்குச் சுலபம். பிறகு பிரித்து, வண்டியில் ஏற்றி, மனையில் நிறுத்துவார்கள். எழும்புவதற்கு முன்பே ஒரு தடவை பிரிந்த வீடு அது!

மேலே தூணின் தலையில் நீளவாட்டு வளை, அதாவது சுவரின் நீளத்துக்குப் படுக்கும் சட்டம். அதன்மேல் குறுக்கு விட்டம், அடியில் புறாவால் வெட்டோடு (புறாவின் வால் போல் நுனி விரிந்த வெட்டு) வந்து உட்காரும். உட்கார்ந்தபின் இரண்டு பக்கச் சுவரும் வெளியே சாய முடியாது. பிரிக்கும்போது கைமரம் (கூரையின் சாய்வு மரம்), விட்டம், வளை, தூண் என்று மேலிருந்து இறங்க வேண்டும். அவசரப்பட்டு வளையை முதலில் நெம்பினால் தூணின் தலை பிளந்துவிடும்.

மாந்தலே வாசகி:
இங்கிலாந்து வரை போவானேன் அண்ணா, எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஷ்வேநந்தோ மடம் முழுக்கத் தேக்கு. முதலில் அமரபுரத்து அரண்மனையில் இருந்தது. தலைநகர் மாறியபோது பிரித்து மாந்தலேக்குக் கொண்டுவந்தார்கள். 1878இல் பர்மா ராஜா மிண்டோன் அதில்தான் இறந்தார். மகன் தீபோ மறுபடி பிரித்து, அரண்மனைக்கு வெளியே மடமாக நிறுத்தினார். இரண்டாம் உலகப்போரில், 1945 சண்டையில் அரண்மனை எரிந்து சாம்பலானது. வெளியே வந்ததால் இது தப்பியது.

பேலீஃபில் எனக்கு ஒரு விஷயம் ஒட்டவில்லை. நடுக்கூடம் கூரை வரை திறந்தது. தரையில் அடுப்பு, புகை ஓடு இடுக்கு வழியே போகும், ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. எல்லாம் அழகுதான். ஆனால் 1540 வாக்கில் இருந்தபடி காட்ட வேண்டும் என்று, பின்னால் வந்தவர்கள் கட்டிய புகைப்போக்கியை விட்டுவிட்டார்கள். அதில் குளிர் காய்ந்தவர்களும் அந்த வீட்டு மனுஷர்கள்தானே? நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பாட்டி காலத்தில் சேர்த்த சமையல்கட்டு, சாமி அறை இருந்தால் அதையும் எண் போட்டு எடுத்து வாருங்கள்.

தாட்டோன்காரன்:
சாமி அறை அப்பா சேர்த்தது அக்கா, கட்டாயம் வரும். ஆசாரி ஐயா, தூணெல்லாம் மண்ணில் நட்டவை. அடி உளுத்துவிட்டது. அதற்கு என்ன செய்ய?

பெகு ஆசாரி:
அங்கேயும் பழைய காலத்தில் மண்ணில் நட்டார்கள், அடி அழுகிப்போனது. பேலீஃப் மாதிரி வீடுகளில் தாழ்வான கல்வரிசை வைத்து, அதன்மேல் அடிச்சட்டம் படுக்கவைத்து, அதில் தூணை ஊன்றினார்கள். நீங்கள் உளுத்த பாகத்தை நல்ல மரம் வரும்வரை அறுத்து, பியின்கடோ என்ற கெட்டி மரத்தில் புது அடி செய்து, சரிவாகச் சீவி ஒட்டுப் போட்டு, கல் திண்டில் உட்காரவையுங்கள். தூணின் அடியைச் சுற்றி சிமெண்ட் கொட்டிவிடாதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியேறாது. ஓக் வீடுகளின் மண்சுவரை நீக்கி சிமெண்ட் பூசியவர்கள் அப்படித்தான் நல்ல மரத்தைக் கெடுத்தார்கள்.

சாக்பீஸில் எண் எழுதினால் முதல் மழையில் போய்விடும். தகரத் துண்டில் குத்தி, எந்த முகம் கிழக்கு என்றும் சேர்த்து அடியுங்கள். பழைய மர ஆணியைப் பின்பக்கமிருந்து தட்டி எடுங்கள். திரும்ப அடிக்கப் புது ஆணி சீவிக்கொள்ளலாம். தேக்கை லாரியில் ஏற்றும் முன் வனத்துறை அனுமதி பற்றி விசாரித்துவிடுங்கள், வழியில் நிறுத்தினால் பதில் சொல்லக் காகிதம் வேண்டும். கூரையைத் தொடும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து இங்கே போடுங்கள். விட்டம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.