ஜேன் ஐரின் 5,000 பவுண்டு: அது சுதந்திரமா, கதாசிரியை கொடுத்த சீதனமா?

மழைக்குருவி:
சார்லட் பிராண்டேயின் ஜேன் ஐர் (1847) நாவலைப் பற்றி யார் எழுதினாலும் பெண் சுதந்திரத்தின் முதல் குரல் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு இதில் நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. தாய் தகப்பன் இல்லாத பெண், லோவுட் பள்ளியில் ஆண்டுக்கு 15 பவுண்டு சம்பளத்தில் ஆசிரியை, அப்புறம் தானே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து தார்ன்ஃபீல்டு மாளிகையில் 30 பவுண்டுக்கு ஒரு குழந்தைக்குப் பாடம் சொல்லும் வேலையைத் தேடிக்கொள்கிறாள். தன்னை மணக்கவிருந்த மாளிகை முதலாளி ரோச்செஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள் என்று கல்யாணத்தன்று தேவாலயத்தில் தெரிந்ததும், அவனோடு சேர்ந்து வாழ மறுத்துக் கிளம்புகிறாள். இதுவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதன்பின் என்ன ஆகிறது? கையிலிருந்த 20 ஷில்லிங் வண்டிக்கூலியோடு போய்விட, ஊர் ஊராக வேலை கேட்டு, ஒரு பன்னுக்காகத் தன் கைக்குட்டையைக் கொடுக்கிறேன் என்று கெஞ்சி, பன்றிக்குப் போட இருந்த கஞ்சியை வாங்கிச் சாப்பிடுகிறாள். உழைக்கிற பெண் தனியாக நின்றால் இதுதான் கதி என்று ஆசிரியரே காட்டிவிட்டார். காட்டியபின், மடீராவில் இறந்துபோன உறவினரின் 20,000 பவுண்டை எடுத்து அவள் மடியில் போடுகிறார். அவள் அதை நான்காகப் பிரித்து 5,000 வைத்துக்கொண்டு ரோச்செஸ்டரிடமே திரும்பிப் போகிறாள். இதை எப்படி சுதந்திரம் என்கிறீர்கள்? அடுத்த வருடமே தங்கை ஆன் பிராண்டே எழுதிய வைல்டுஃபெல் ஹால் நாவலில் ஹெலன் குடிகாரக் கணவனைவிட்டு மகனைத் தூக்கிக்கொண்டு ஓடி, பெயரை மாற்றி, ஓவியம் வரைந்து விற்றுப் பிழைக்கிறாள். என் ஓட்டு அவளுக்குத்தான்.

கடலோடி:
மடியில் போடுகிறார் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தப் பணம் கதைக்குள் வரும் வழியைப் பாருங்கள். நிச்சயம் ஆனபின் ரோச்செஸ்டர் அவளைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் பட்டும் நகையுமாக வாங்கித் தள்ளுகிறான், அவளுக்கு அது அவமானமாக இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் அந்தக் குழந்தை அடேலுக்குப் பாடம் சொல்லித்தந்து அதே 30 பவுண்டை சம்பாதித்துக்கொள்வேன் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். எனக்கென்று கொஞ்சம் சொத்து வரும் என்ற நம்பிக்கை இருந்தால் இவனிடம் வாங்கித் தின்பதைப் பொறுத்துக்கொள்ளலாமே என்று நினைத்து, மடீராவில் இருக்கும் தந்தையின் சகோதரருக்குக் கடிதம் எழுத முடிவு செய்வதும் அப்போதுதான். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த நேரத்தில் அங்கே தங்கியிருந்தவன் யார்? ரோச்செஸ்டரின் மனைவியுடைய சகோதரன் மேசன். அவன் வந்துதான் கல்யாணத்தை நிறுத்துகிறான். அதாவது ஒரு பெண் தனக்கென்று காசு வேண்டும் என்று நினைத்த அந்த ஒரு நினைப்புதான் கதையையே திருப்புகிறது. சொத்து வானத்திலிருந்து விழவில்லை.

ஹெலனைப் பற்றி: அவள் ஓவியம் விற்ற காசுகூட அன்றைய சட்டப்படி அவள் கணவனுடையது. மனைவி சம்பாதித்தது மனைவிக்கே என்ற சட்டம் இங்கிலாந்தில் 1870-ல்தான் வந்தது. அதனால்தான் அவள் ஒளிந்து வாழவேண்டியிருக்கிறது. ஒளிந்து வாழ்வதை முழுச் சுதந்திரம் என்று சொல்வீர்களா?

பழைய_அலமாரி:
இருவரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆனால் இந்த நாவலில் ஜேனைவிடப் பெரிய பணக்காரி ஒருத்தி இருக்கிறாள். பெர்த்தா, பைத்தியம் என்று ரோச்செஸ்டர் பூட்டிவைத்த மனைவி. ஜமைக்காவிலிருந்து 30,000 பவுண்டோடு வந்தவள். மூத்த மகனுக்கு நிலம் முழுவதும் போகவேண்டும், இளையவனுக்குப் பணக்காரப் பெண்டாட்டி பார்த்துவிடலாம் என்று ரோச்செஸ்டரின் அப்பா போட்ட கணக்கு அது. பணம் குடும்பத்துக்குள் வந்தது, கொண்டுவந்தவள் தார்ன்ஃபீல்டின் மூன்றாம் மாடியில் பூட்டிய அறைக்குள் போனாள். அவள் தரப்பை அவள் வாயால் ஒருவரி கேட்கவில்லை, எல்லாம் ரோச்செஸ்டர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். கடைசியில் அவளே வீட்டுக்குத் தீவைத்து, கூரையிலிருந்து குதித்து இறந்தால்தான் ஜேனுக்கு வழி திறக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ஒருத்தியின் விடுதலைக்கு இன்னொருத்தியின் சாவு தேவைப்படும் நாவலைப் பெண் சுதந்திர நாவல் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. 30,000 பவுண்டு பெர்த்தாவைக் காப்பாற்றவில்லையே, 5,000 எப்படி ஜேனைக் காப்பாற்றும்?

மழைக்குருவி:
இதைத்தான் நானும் கேட்கிறேன், இதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது. நான் சுதந்திரமானவள், பணக்காரியும்கூட, எனக்கு நானே எஜமானி என்று கடைசியில் ரோச்செஸ்டரிடம் சொல்கிறாள் ஜேன். அதைச் சொன்ன சில நாட்களில் கல்யாணம். தனியாக ஏற்பாடு செய்து வைக்காவிட்டால் அன்றோடு அந்தப் பணம் அவன் கைக்குப் போய்விடும். அப்படி ஏற்பாடு செய்ததாக நாவலில் ஒரு வார்த்தை இல்லை. ஹெலன் கணவனின் மரணப்படுக்கைக்குத் திரும்பிப் போகும்போதுகூட, மகனைத் தன்னிடமிருந்து பிரிக்கமாட்டேன் என்று அவனிடம் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பிள்ளையைக் கண்ணில் காட்டுகிறாள். சட்டம் தனக்கு எதிரி என்று தெரிந்த பெண் அப்படித்தான் நடந்துகொள்வாள்.

தேரிக்காடு:
செயின்ட் ஜானை ஏன் எல்லோரும் மறந்துவிடுகிறீர்கள்? எனக்கு இந்த நாவலின் உயிர் ரோச்செஸ்டர் பகுதியில் இல்லை. செயின்ட் ஜான் பாதிரியார், ஜேனுக்கு அத்தை மகன், அவள் பட்டினியில் விழுந்து கிடந்தபோது வீட்டுக்குள் சேர்த்தவன். இந்தியாவுக்கு மிஷனரியாகப் போகிறவன், அதற்காக அவளையும் ஜெர்மன் மொழியை விட்டுவிட்டு இந்துஸ்தானி படிக்கச் சொல்கிறான், அவளும் படிக்கிறாள். பிறகு என்னை மணந்துகொண்டு கூட வா என்கிறான். காதல் கிடையாது, கடவுளின் வேலைக்கு நீ தகுதியானவள் என்பதுதான் காரணம். அவள் சொல்லும் பதிலை நன்றாகக் கவனியுங்கள்: வருகிறேன், உடன் பிறந்தவளைப்போல வந்து வேலை செய்கிறேன், மனைவியாக வரமாட்டேன். முப்பது வயதுகூட ஆகாத நான் பத்தொன்பது வயதுப் பெண்ணைக் கல்யாணம் செய்யாமல் எப்படிக் கூட்டிப்போக முடியும் என்று அவன் கேட்கிறான். நாலுபேர் என்ன சொல்வார்கள் என்ற பழைய கேள்விதான், மதத்தின் பெயரால் வருகிறது. ரோச்செஸ்டரை மறுக்க அவளுக்கு மதமும் மானமும் துணை இருந்தன. இங்கே மதமே எதிர்ப்பக்கம் நிற்கிறது, தனக்கு உதவி செய்தவனே கேட்கிறான், நன்றிக்கடன் வேறு, ஒரு கட்டத்தில் அவள் சம்மதிக்கும் விளிம்புக்கே போய்விடுகிறாள். கடைசிவரை மனைவியாக அவனோடு போகவில்லை. அப்போது அவள் கையில் 5,000 பவுண்டு ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒதுங்க இடமும் சாப்பாடும் உறுதி என்பதால்தான் அந்த மறுப்பு அவளுக்கு சாத்தியமாகிறது. பெர்த்தாவின் பணம் அவள் கல்யாணத்துக்காகக் கொடுக்கப்பட்ட பணம். ஜேனுடையது அவள் யாரையும் கட்டாமலிருந்தாலும் அவளுடையதாக இருந்திருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

கடலோடி:
தேரிக்காடு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சார்லட் பிராண்டே வீட்டு ஆசிரியை வேலை பார்த்தவர். 1841-ல் அவருக்கு ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு, துணி வெளுக்கப் பிடித்தம் போக 16 தான் மிஞ்சும். எனவே சம்பளத்தை மட்டும் நம்பி ஒரு பெண் எவ்வளவு தூரம் போகமுடியும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஜேன் உழைத்தே விடுதலை அடைந்தாள் என்று எழுதியிருந்தால் அதுதான் பொய்யாகியிருக்கும். 1854-ல் அவரே கல்யாணம் செய்துகொண்டபோது, புத்தகங்களில் வந்த பணம் கணவர் ஆர்தர் நிக்கல்ஸ் கைக்குப் போகாதபடி ஒப்பந்தம் எழுதி, பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் மணந்தார். இப்படிச் செய்த பெண் எழுதிய கதையில் பணத்தைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியுமா?

பழைய_அலமாரி:
ஒப்பந்தம் உண்மைதான். ஆனால் அடுத்த வருடம் பிப்ரவரியில், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன், எல்லாவற்றையும் அதே கணவருக்கு எழுதிவைத்த உயிலும் உண்மை. அவரை நம்பினார், எழுதிவைத்தார், அதில் தப்பு சொல்லமாட்டேன். நான் கேட்பது, பெர்த்தாவுக்கு ஏன் அப்படி ஒரு ஒப்பந்தமும் பொறுப்பாளரும் கிடைக்கவில்லை என்று நாவல் ஒருமுறைகூட யோசிக்காதது ஏன் என்பதைத்தான். அந்த வீட்டில் இவ்வளவு நாள் தங்கி, மாடியில் அந்தச் சிரிப்பைக் கேட்டு, பிறகு அவளை நேரில் பார்த்தும், ஜேன் அவளுக்காக ரோச்செஸ்டரிடம் பேசியது ஒரே ஒரு இடத்தில், அவளை வெறுக்காதே, பைத்தியமானது அவள் குற்றமில்லை என்று.

தேரிக்காடு:
அந்த ஓர் இடம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்த வீட்டில் வேறு யாரும் அதைச் சொல்லவில்லை.

மழைக்குருவி:
சொல்லிவிட்டு, பெர்த்தாவை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினாளே.