ட்ரம்பெட் மவுத்பீஸ்: பித்தளையா, தங்க முலாமா, பிளாஸ்டிக்கா?

வாவிக்கரையான், மட்டக்களப்பு:
மகன் பாடசாலையின் மேலைத்தேய வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதுகிறான். அங்குள்ள மவுத்பீஸ்கள் (உதட்டில் வைத்து ஊதும் கழற்றக்கூடிய முனைகள்) எல்லாம் பழையவை. விளிம்பில் முலாம் தேய்ந்து பித்தளை தெரிகிறது. எங்கள் உப்புக் காற்றுக்கு நாலு நாள் துடைக்காமல் விட்டால் பச்சைக் களிம்பு ஏறிவிடுகிறது. போன மாதத்திலிருந்து அவனுடைய மேலுதட்டில் வளையம் போல ஒரு சிவப்புத் தடிப்பு. அம்மம்மா மவுத்பீஸைப் புளி போட்டு விளக்கிக் கொடுத்தார். அது குத்துவிளக்குப் போல மின்னியது, தடிப்பு மட்டும் போகவில்லை. புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால் ஆளுக்கொரு உலோகத்தைச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

ஊதல் அண்ணன், பெரியகல்லாறு:
30 வருடமாகத் திருநாளிலும் இறுதி ஊர்வலத்திலும் ஊதுகிறேன். யோசிக்காமல் தங்க முலாம் வாங்குங்கள், ஒலி கனிந்து வரும். வெள்ளி கொஞ்சம் கூர்மை. உருக்கு கத்தும். பிளாஸ்டிக்கைத் திருவிழாக் கடையோடு விட்டுவிடுங்கள். காதுள்ளவனுக்கு இது விளங்கும்.

கல்முனை லேத்:
அண்ணன், கோபிக்க வேண்டாம். அதிர்வது உதடு, ஒலிப்பது உள்ளே இருக்கும் காற்று. அந்தக் காற்றுக்குச் சுவர் எந்த உலோகம் என்பது பெரிதாகத் தெரியாது, சுவரின் வடிவம்தான் தெரியும். கிண்ணத்தின் (உதடு பதியும் குழிவின்) ஆழம், விளிம்பின் வளைவு, தொண்டைத் துளை (கிண்ணத்தின் அடியிலுள்ள ஒடுங்கிய துளை) ஆகியவற்றைப் பாருங்கள். பரவலாகப் புழங்கும் ட்ரம்பெட் மவுத்பீஸ்களில் தொண்டை 3.66 மில்லிமீற்றர். அதில் ஒரு நூலளவு கூட்டிக் கடைந்தால் ஊதும்போது உடனே தெரிந்துவிடும். வேண்டுமானால் மவுத்பீஸின் வாயை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். ‘டொப்’ என்று வரும் சுரத்தைத் தீர்மானிப்பவை கிண்ணத்தின் கொள்ளளவும் தொண்டையும்தான்.

ஜோன் கோல்ட்மன் என்ற அமெரிக்கர் 1971இல் வெள்ளி, செம்பு, மரம் ஆகிய மூன்றிலும் ஒரே உள்ளளவுள்ள புல்லாங்குழல்களை வைத்துச் சோதித்தார். கேட்டவர்களாலும் பிரித்தறிய முடியவில்லை, ஊதியவர்களாலும் முடியவில்லை.

ஊதல் அண்ணன், பெரியகல்லாறு:
தம்பி, புல்லாங்குழல்காரனின் உதடு குழலுக்குள் அதிர்வதில்லை. எங்களுடைய உதடு உலோகத்தின் மேலேயே கிடந்து அதிர்கிறது, பல்லும் தாடையும் சேர்ந்து அதிர்கின்றன. அந்தப் பரிசோதனையை இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். என்னுடைய பழைய மவுத்பீஸுக்கே தங்க முலாம் பூசுவித்தேன். அதே மவுத்பீஸ்தான், ஊதிய முதல் நாளே ஆள் மாறிவிட்டது.

கல்முனை லேத்:
புல்லாங்குழல் விடயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் ஒன்று கேட்கிறேன்: பூசுவதற்கு முன் பள்ளங்களை அழிக்கச் சக்கரத்தில் வைத்து மினுக்கினார்களா? மினுக்கியிருந்தால் விளிம்பின் உள்ஓரம் மழுங்கியிருக்கும். அது ‘அதே மவுத்பீஸ்’ அல்ல. முலாம் மைக்ரோன் கணக்கில்தான் ஏறும், சக்கரம் அதைவிட அதிகமாகத் தின்றுவிடும். பல் வழியாக உங்களுக்கு வித்தியாசம் கேட்கிறது என்பதை மறுக்கவில்லை. தெருவோரம் நிற்பவருக்குக் கேட்காது என்றுதான் சொல்கிறேன்.

ஆரையம்பதி ரீச்சர்:
இரண்டு பேரும் பிள்ளையின் உதட்டை மறந்துவிட்டீர்கள். இடுப்புப் பட்டியின் கொக்கி பட்ட இடத்திலும் அவனுக்கு அரிப்பு வருகிறதா? வந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். மலிவான வெள்ளை மினுக்கம் பல வேளைகளில் வெள்ளியல்ல, நிக்கல். தங்கம் பூசக் கொடுத்தாலும் அடியில் நிக்கல் போடுகிறார்களா என்று கேளுங்கள். நகை வேலையில் அது வழக்கம். அடுத்தது, கடைவதற்கு இலகுவாக இருக்க இந்தப் பித்தளையில் 2, 3 சதவீதம் ஈயம் சேர்ப்பார்கள். முலாம் போனதைப் பிள்ளையின் வாயில் வைக்கக் கொடுக்கவே கூடாது, எவ்வளவு விளக்கினாலும் சரி. வளையத் தடிப்பு அழுத்தி ஊதுவதாலும் வரும். ஆகவே தோல் வைத்தியரிடம் காட்டிவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பிளாஸ்டிக் பற்றியும் ஒரு சொல். குளிர் நாடுகளில் உதடு உறையாமல் இருக்க அதை வாங்குகிறார்கள். எங்களுக்கு மறுபக்கம். இல்ல விளையாட்டுப் போட்டியன்று பதினொரு மணி வெயிலில் கதிரையில் கிடந்த பித்தளையை ஒரு பையன் வாயில் வைத்துத் துள்ளி விழுந்தான். பித்தளை பிளாஸ்டிக்கைவிடச் சில நூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அணிவகுப்புக்கு நான் பிளாஸ்டிக்தான் கொடுப்பேன்.

ஊதல் அண்ணன், பெரியகல்லாறு:
ரீச்சர், சூடானால் சட்டைக்குள் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். நாங்கள் அப்படித்தான் ஊதினோம். தம்பிமாருக்கு ஒரு சவால்: ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள், முதுகைத் திருப்பிக்கொண்டு, ஊதுவது எந்த மவுத்பீஸ் என்று சொல்கிறேன்.

வாவிக்கரையான், மட்டக்களப்பு:
போய் வந்தோம். ஒரே அளவில் மூன்று: வெள்ளி முலாம், தங்க முலாம், பிளாஸ்டிக். கல்முனைத் தம்பி கிண்ணங்களை அளந்து பார்த்துத்தான் விட்டார். சேலையைத் திரையாகக் கட்டி மகன் ஊத, அண்ணன் 12 முறை சொன்னார். ஐந்து சரி. பிளாஸ்டிக்கை இரண்டு முறை தங்கம் என்றார். பிறகு அவரே கண்ணைக் கட்டிக்கொண்டு ஊதினார், ஒன்றும் தப்பவில்லை. தங்கம் உதட்டில் வழுக்குகிறதாம், பிளாஸ்டிக் கையிலேயே பஞ்சு போல இருக்கிறதாம்.

கல்முனை லேத்:
நான் சொன்னது முதல் பாதியில் சரி, அவர் சொன்னது இரண்டாம் பாதியில் சரி. அக்கா வைத்த கொழுக்கட்டையைச் சாப்பிட்ட பிறகு வாதாட மனம் வரவில்லை.

ஊதல் அண்ணன், பெரியகல்லாறு:
பொடியனுக்கு மூச்சுப் போதாது, அதனால்தான் எல்லாம் ஒன்றுபோலக் கேட்டன. அவனை அனுப்புங்கள், நான் பழக்குகிறேன்.

வாவிக்கரையான், மட்டக்களப்பு:
வைத்தியர் நிக்கல்தான் என்றார். ரீச்சர் கேட்ட கொக்கித் தடமும் இருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. அடியில் நிக்கல் இல்லாத தங்க முலாம் கிடைக்கும்வரை பிளாஸ்டிக். மகன் சிவப்பு நிறத்தில் எடுத்திருக்கிறான்.

ஊதல் அண்ணன், பெரியகல்லாறு:
பழக வரும்போது கொண்டு வரட்டும். தேவாலயத்துக்கு மட்டும் அந்தச் சிவப்பு வேண்டாம்.