பெட்டக வேலைக்கு முதல் போர்ஸ்கோப்: எதைப் பார்த்து வாங்குவது?

பாளைச் சாவிக்கடை எழுதியது:

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் அப்பா நடத்திய சாவிக்கடையை இரண்டு ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டின் பழைய இரும்புப் பெட்டிக்குள் சாவி முறிந்துவிட்டது என்று அழைத்தார்கள். 6 மில்லிமீட்டர் துளை போட்டு, 900 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த, செல்போனில் மாட்டும் போர்ஸ்கோப்பை, அதாவது துளைக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேபிள் கேமராவை, நுழைத்தேன். எதிரே இருந்த தகடு மட்டும்தான் தெரிந்தது. லீவர்கள், அதாவது சாவி தூக்கிவிடும் உள் தகடுகள், எல்லாம் பக்கவாட்டில் இருந்தன. கேமராவோடு வந்த சிறு கண்ணாடியை முனையில் மாட்டினால் துளைக்குள் போகவில்லை. வேறு வழியின்றித் துளையை 8 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினேன்.

அந்த வீட்டு ஆச்சி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "துளை பெரிதாகிக்கொண்டே போகிறதே ஐயா" என்று ஒரு தடவைதான் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

10,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்?

தென்காசி மெக்கானிக் எழுதியது:

தம்பி, ஸ்பார்க் பிளக் துளை வழியாக இன்ஜின் சிலிண்டரைப் பார்க்க நான் செல்போனில் மாட்டும் 5.5 மில்லிமீட்டர் கேமராதான் வைத்திருக்கிறேன். குறை ஒன்றும் இல்லை. வைஃபையில் ஓடும் வகையை மட்டும் வாங்காதீர்கள். கை அசைந்த பிறகுதான் படம் அசையும்.

வண்ணாரப்பேட்டை பட்டறை எழுதியது:

மெக்கானிக் தம்பி சொல்வது சிலிண்டருக்குச் சரி. அங்கே உள்ளே இடம் தாராளம். பூட்டுக் கூட்டுக்குள் கேமரா முனையிலிருந்து லீவர் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும். மலிவான கேமராக்கள் பலவற்றில் குவியம் மாறாது. 3 சென்டிமீட்டருக்கு அப்பால் இருப்பதுதான் தெளியும். அட்டையில் போட்டிருக்கும் மெகாபிக்சலை மறந்துவிடுங்கள். கடையில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து, ஒன்றரை சென்டிமீட்டர் தூரத்திலிருந்து அதன் ஆண்டு எண்ணைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

அடுத்தது தடிமன். 5.5 என்று எழுதியிருந்தாலும் வெர்னியர் அளவுகோல் வைத்து முனையை அளந்து பாருங்கள், ஏனென்றால் 6 மில்லிமீட்டர் துளையில் மிச்சம் இருப்பதே அரை மில்லிமீட்டர்தான். துளை விளிம்பில் பிசிறு நின்றால் அதுவே கேமராவைப் பிடித்துக்கொள்ளும், லென்ஸையும் கீறும். பிசிறை எடுத்து, இரும்புத் தூளைக் காந்தத்தால் வாரிய பிறகே நுழைக்க வேண்டும்.

உங்களைப் படுத்தியது பார்க்கும் திசை. முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று என இரண்டு லென்ஸ் உள்ள கேமராக்கள் 5.5 மில்லிமீட்டரிலேயே வருகின்றன. உங்கள் பணத்துக்கு அதுதான் சரி. தனித் திரையோடு, ஒரு மீட்டர் நீளத்தில், வளைத்தால் வளைந்தபடி நிற்கும் கேபிளாக வாங்குங்கள். ஐந்து மீட்டர் கேபிள் கழிவுநீர்க் குழாய்க்குத்தான் உதவும். முனையில் மாட்டும் கண்ணாடியை நம்பாதீர்கள். அதில் இடம் வலமாகத் தெரியும். லீவர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையே தவறாகப் படித்துவிடுவோம். விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். பித்தளை லீவரில் முழு வெளிச்சம் பட்டால் திரை வெள்ளையாகிவிடும், வெட்டு தெரியாது.

நான் இன்று பயன்படுத்துவது மருத்துவத்துக்கென்று செய்த 4 மில்லிமீட்டர் ஸ்கோப், பழையதாக வாங்கியது. வளையாத எஃகுக் குழாய். உள்ளே ஹாரல்ட் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் வடிவமைத்த தண்டு லென்ஸ்கள். முனை 30 பாகை சாய்வாகப் பார்க்கும். குழாயை விரலிடையில் சுழற்றினால் போதும், பார்வை சுற்றிலும் வட்டமடித்து வரும். முதன்முதலாக அதன் வழியாக ஒரு லீவர் அடுக்கைப் பார்த்தபோது, இருபது வருடம் விரல் நுனியால் மட்டுமே அறிந்த ஒன்றின் முகத்தைக் கண்டது போல இருந்தது. ஆனால் குழாய் லேசாக வளைந்தாலும் உள்ளே இருக்கும் கண்ணாடித் தண்டு உடையும். தனி விளக்கும் வேண்டும். முதல் கருவியாக அது வேண்டாம், தம்பி.

துளையை எந்த இடத்தில் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதாதது நல்லது. அதை நேரில் பேசிக்கொள்வோம்.

பாளைச் சாவிக்கடை எழுதியது:

மிக்க நன்றி அண்ணாச்சி. கண்ணாடியில் இடம் வலமாகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. சாவித்துளை வழியாகவே பார்க்க ஏதேனும் உண்டா?

வண்ணாரப்பேட்டை பட்டறை எழுதியது:

காது மருத்துவர் வைத்திருக்கும் ஓட்டோஸ்கோப். விளக்கும் பூதக்கண்ணாடியும் ஒன்றாக இருக்கும். சாவித்துளையின் முன்பக்கம் வரை நன்றாகத் தெரியும், விலையும் குறைவு.

கேமரா வந்ததும் வாடிக்கையாளர் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். பழைய திண்டுக்கல் பூட்டு ஒன்றைப் பிரித்து, பிஸ்கட் டப்பாவுக்குள் ஒட்டி, டப்பாவில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு ஒரு வாரம் பாருங்கள். எது மேல், எது கீழ் என்று கண் பழகும். கேபிளில் மேல்பக்கத்தைக் காட்ட ஒரு சிவப்பு டேப்பும், சென்டிமீட்டருக்கு ஒரு கோடும் போட்டுக்கொள்ளுங்கள்.

பாளைச் சாவிக்கடை எழுதியது:

இரட்டை லென்ஸ் கேமரா வாங்கிவிட்டேன். நாணயத்தின் ஆண்டு தெளிவாகத் தெரிந்தது. டப்பாவில் நான்கு நாள் பழகினேன். நேற்று கல்லிடைக்குறிச்சி போய், ஆச்சியிடம் அனுமதி கேட்டு, அதே துளையில் மறுபடி நுழைத்துப் பார்த்தேன். ஆறு லீவர்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. ஆச்சிக்கும் திரையைக் காட்டினேன். பிறகு கடினப்படுத்திய எஃகு முளையைத் துளையில் அடித்து, மட்டமாகத் தேய்த்து, பெட்டியின் பழைய பச்சை நிறத்தையே கலந்து பூசிவிட்டு வந்தேன். கூலி வாங்கவில்லை.