வாயில் 200, காதில் 0.2: நிக்கல் கேப் குறித்த விவாதம்

உலைக்களம்:
பல்லுக்கு மலிவான மெட்டல் கேப் போட்டுக்கொண்டவர்கள் அனைவரும் நாள்தோறும் நிக்கலை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றும், தங்கமும் சிர்கோனியா என்ற பீங்கான் வகையும் தவிர மற்றதெல்லாம் ஏமாற்று என்றும் நாவுக்கரசி அம்மையார் நேற்று இங்கே தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பல் லேபில் உலோகம் வார்த்தே தலை நரைத்தவன் என்ற முறையில் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நிக்கல்-குரோமியம் கலவையில் நிக்கல் ஏறத்தாழ 60 முதல் 75 விழுக்காடு வரை இருப்பது உண்மையே. ஆனால் அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் மிக மெல்லிய ஆக்சைடு படலமாக மாறி, உள்ளிருப்பதைக் கரையவிடாமல் காக்கிறது. பல் உலோகங்களுக்கான ஐஎஸ்ஓ 22674 தரத்தின்படி, லாக்டிக் அமிலமும் உப்பும் சேர்ந்த, பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 2.3 கொண்ட கரைசலில், 37 டிகிரி வெப்பத்தில், 7 நாள்கள் ஊறவைத்த பிறகு சதுர சென்டிமீட்டருக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் உலோகம் கரைந்தால் அந்தக் கலவை தேறாது. யாருடைய வாயிலாவது பி.எச். 2.3 இருக்கிறதா?

நாவுக்கரசி:
எண்ணைத் தாங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி, ஐயா. துளையிட்ட காதில் செருகும் தோட்டின் தண்டிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். காதுக்கு 0.2, வாய்க்கு 200. வகுத்துப் பாருங்கள், ஆயிரம் மடங்கு வருகிறது. காதை விட ஈறு ஆயிரம் மடங்கு உறுதியானது என்று எந்த உலைக்களத்தில் கற்றுக்கொண்டீர்கள்?

உலைக்களம்:
வகுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, எதை எதனால் வகுக்கிறோம் என்றும் தெரிய வேண்டும். தோட்டுக்கான சோதனை பி.எச். 6.5 கொண்ட செயற்கை வியர்வையில் நடக்கிறது. எங்களுடையது அமிலத்தில் நடக்கிறது. அங்கே அளப்பது நிக்கலை மட்டும்; இங்கே 200 என்பது கரைந்த எல்லா உலோகங்களையும் கூட்டிய அளவு. மேலும், சாதாரண உணவிலேயே ஒருவர் நாளொன்றுக்கு 100 முதல் 300 மைக்ரோகிராம் நிக்கல் உட்கொள்கிறார். ஒரு கேப்பின் பரப்பைச் சுமார் 2 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டு, சோதனை அனுமதிக்கும் உச்ச அளவு முழுவதும் நிக்கலாகவே கரைவதாக வைத்துக்கொண்டாலும், ஒரு வாரத்துக்கு 400 மைக்ரோகிராம்தான் வருகிறது. அதே வாரத்தில் முந்திரியும் பருப்பும் கொக்கோவும் அதைவிடக் கூடுதலாகக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

வைகைக்கரையான்:
பல் மருத்துவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். ‘பாதுகாப்பு’ என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளுங்கள். நச்சுத்தன்மை வேறு, ஒவ்வாமை வேறு. நச்சுக்கு மொத்த அளவு முக்கியம். ஏற்கெனவே நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கோ அந்தக் கணக்கு உதவாது, அவருக்குச் சிறு அளவும் தொல்லை தரலாம். 5 விழுக்காடு நிக்கல் சல்பேட்டை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் அதற்காகத்தான் இருக்கிறது. வாயின் சவ்வு தோலை விடக் குறைவாகவே எதிர்வினை காட்டும். உமிழ்நீர் தொடர்ந்து கழுவிச் செல்வதும் அதற்கு ஒரு காரணம்.

நாவுக்கரசி:
டாக்டரின் வரையறை அலமாரியில் இருக்கட்டும். கேப் போட்ட பிறகு என் ஈறு சிவந்தது, கையில் அரிப்பு வந்தது, பேட்ச் டெஸ்டில் நிக்கல் என்று தெரிந்தது. அதைப் போட்டவர் கலவையில் என்ன இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லவில்லை. நிக்கல் ஒவ்வாதவர்களைத் தாங்கள் பட்டியலிட்ட அதே முந்திரியையும் கொக்கோவையும் குறைக்கச் சொல்வார்கள் என்பதும் உலைக்களத்தாருக்குத் தெரியாது போலிருக்கிறது. ஆயிரம் மடங்குக்கு இன்னும் பதில் வரவில்லை.

குறுக்குச்சால்:
பாதரசம் கலந்த பல் அடைப்பான அமால்கம் பற்றிய விவாதத்திலும் உலைக்களத்தார் இதே பாட்டைத்தான் பாடினார். ‘பாதரசம் கலவையில் கட்டுண்டுவிட்டது, கவலை வேண்டாம்’ என்றார். 2025 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அமால்கத்தைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து நீக்கிவிட்டது. அப்போது காணாமல் போனவர் இப்போது நிக்கலுக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறார்.

உலைக்களம்:
காணாமல் போகவில்லை, தங்களுக்குப் பதில் எழுதுவது வீண் என்று விலகினேன். அந்தத் தடை முதன்மையாகப் பாதரசம் ஆற்றிலும் மண்ணிலும் சேர்வதைத் தடுக்கும் மினமாட்டா உடன்படிக்கையின் வழியில் வந்தது. வாயிலுள்ள அடைப்பையெல்லாம் பெயர்த்தெடுக்கச் சொல்லி வந்ததன்று. அதை அன்றும் சொன்னேன், தாங்கள் படிக்கவில்லை. அம்மையாருக்கு: தங்கள் தங்கக் கேப் வெறும் தங்கமன்று. அதில் செம்பும் பல்லேடியமும் இருக்கக்கூடும். நிக்கல் ஒவ்வாதவர்களில் பலருக்குப் பல்லேடியமும் ஒவ்வாது.

வைகைக்கரையான்:
இன்னொரு செய்தி. காது குத்துவதற்கு முன்பே பல்லுக்கு நிக்கல் கலந்த கிளிப் போட்டுக்கொண்ட பிள்ளைகளிடம் நிக்கல் ஒவ்வாமை குறைவாகக் காணப்பட்டதாக ஐரோப்பிய ஆய்வுகள் தெரிவித்தன. வாய்வழியாக முதலில் அறிமுகமாகும் நிக்கலை உடல் பொறுத்துக்கொள்ளப் பழகுகிறது என்பது அதற்கான விளக்கம்.

குறுக்குச்சால்:
நம் வீடுகளில் பல் முளைக்கும் முன்பே மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிடுகிறார்கள். டாக்டரின் ஐரோப்பியப் பிள்ளைகளால் நமக்கு என்ன பயன்? நிக்கல் இல்லாதது என்று சொல்லி டிஎம்எல்எஸ் (உலோகத் தூளை லேசரால் உருக்கிச் செய்யும்) கேப் விற்கிறார்களே, அதிலுள்ள கோபால்ட்டைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய 1பி வகைப் பொருளாக அதே ஐரோப்பா அறிவித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வகைப்பாடு 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

உலைக்களம்:
பொருளின் உள்ளார்ந்த தன்மையைக் குறிக்கும் வகைப்பாட்டையும், வார்த்து மெருகேற்றி வாயில் வைத்த கலவையையும் ஒன்றாக்குகிறீர்கள். உண்மையான ஆபத்தைக் கேளுங்கள். நிக்கல் கலவை எளிதாக உருகி அச்சில் ஓடவும், பீங்கான் பிடிக்கவும் பெரிலியம் சேர்த்தார்கள். அதைத் தேய்த்து மெருகேற்றும்போது பறக்கும் தூள் நுரையீரலைக் கெடுக்கும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியலில், புற்றுநோய் விளைவிப்பது உறுதியான முதல் தொகுதியில் பெரிலியம் இருக்கிறது. இப்போது ஐஎஸ்ஓ தரம் பெரிலியத்தை 0.02 விழுக்காட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. உறிஞ்சு விசிறி இல்லாத அறையில் அந்தத் தூளைச் சுவாசித்த எங்களைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை. போட்டுக்கொண்டவர்களுக்கு மட்டும்தான் உடம்பா?

நாவுக்கரசி:
ஆக, கலவை ஆபத்தானது என்று தாங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

உலைக்களம்:
தூள் என்றேன். கலவை என்று சொல்லவில்லை. தமிழில்தான் எழுதினேன்.

வைகைக்கரையான்:
நிக்கல் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தயாரிப்பாளர் அதை அறிவித்தாக வேண்டும் என்று அதே தரம் சொல்கிறது. எந்தக் கலவை என்று லேபிடம் எழுதி வாங்கினால் போதுமே, இத்தனை சண்டை எதற்கு?

உலைக்களம்:
கேட்கும் மருத்துவர்களுக்கு எழுதித்தான் கொடுத்தோம். கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதை டாக்டரே சொல்லட்டும். தவிர, பி.எச். 2.3 என்பதற்கு இதுவரை ஒருவரும் மறுப்பு எழுதவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

நாவுக்கரசி:
இரவில் எதுக்களிப்பு உள்ளவர்களின் வாய்க்குள் வரும் இரைப்பை அமிலத்தின் பி.எச். எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தங்கள் சோதனை 7 நாள். என் கேப் வாயில் இருந்தது ஆண்டுக்கணக்கில். காதுக்கு 0.2, வாய்க்கு 200.

உலைக்களம்:
மீண்டும் அதே வகுத்தல். வியர்வையும் அமிலமும் ஒன்றன்று என்று மேலே எழுதியிருக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.