லாண்ட் ரோவர் பின் அக்சில்: முழுதாக மாற்றுவதா?

வணக்கம். என்னுடையது 1976 லாண்ட் ரோவர் சீரிஸ் 3, சில்லிடைத் தூரம் 88 அங்குலம், டீசல். இடம் திருகோணமலை. குச்சவெளிக் கடற்கரையில் படகு இழுக்கிற வண்டி. எட்டு மாதத்தில் பின் அக்சில் சாப்ட் (சில்லைச் சுற்றவைக்கும் தண்டு) மூன்று தரம் முறிந்துவிட்டது.

போன கிழமை ஈர மணலில் படகைக் கொளுவி முன்னுக்கு எடுத்தபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். கியர்பொக்ஸிலிருந்து பின் அக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் சாப்ட் சுற்றுகிறது, வண்டி அசையவில்லை. ஹேண்ட்பிரேக்கும் பிடிக்கவில்லை, அது கியர்பொக்ஸுக்குப் பின்னால் இருப்பதால். ஃபோர் வீல் போட்டு முன் சில்லுகளின் இழுவையில்தான் வீடு வந்தோம். கழற்றிப் பார்த்தால் அக்சில் சாப்டின் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சில்லுக்கும் இழுவையைப் பிரிக்கும் பல்லுச்சக்கரத் தொகுதி) பக்கத்து 10 பல்லும் கயிறு முறுக்கியதுபோல் திரும்பிக் கிடந்தன. உள்ளே நின்ற துண்டைக் காந்தம் கட்டிய கம்பியால் எடுக்கவே ஒரு பின்னேரம் போனது.

பழைய சாப்ட் இரண்டு, புதியது ஒன்று போட்டாயிற்று. பெயாரிங், ஒயில் மாற்றினேன். ரயரில் காற்றைக் குறைத்தும் ஓடினேன். பலனில்லை.

109 அங்குல லாண்ட் ரோவரில் வரும், இதைவிடப் பலமான சாலிஸ்பரி அக்சில் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. டிஃபரன்ஷியல் பல்லு விகிதம் அதே 4.7, ஆகவே முன் அக்சிலில் கைவைக்கத் தேவையில்லை. ஆனால் அதன் பாரம் அதிகம், புரொப்பெல்லர் சாப்டையும் வெட்டிக் குறைக்க வேண்டும். மற்ற வழி, இருக்கிற அக்சில் கூட்டுக்குள்ளேயே, 10க்குப் பதிலாக 24 பல்லு உள்ள சாப்டும் அதற்கேற்ற டிஃபரன்ஷியலும் போடுவது. வாடை தொடங்க முன் படகுகளைக் கரையேற்ற வேண்டும்.

மணலில் பாரம் இழுத்துப் பழகியவர்களே, 88க்கு சாலிஸ்பரியா, 24 பல்லா, எதைப் போடுவீர்கள்?