மறு: டியூட்டி சைக்கிளிங், தமிழில் என்ன?

> ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஒப்புமை-எண்ம மாற்றி) சில்லின் மின்செலவைக் குறைக்கும் 'டியூட்டி சைக்கிளிங்'குக்குக் 'கடமைச் சுழற்சி' என்று போடலாமா?

வேண்டாம் நண்பரே. யாருக்குக் கடமை, எது சுழல்கிறது என்று படிப்பவர் தேடிக்கொண்டிருப்பார். சில்லு என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

அர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையில் இருக்கும் ஏடிமெகா328பி கட்டுப்பாட்டுச் சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் 10 பிட் ஒப்புமை-எண்ம மாற்றி 125 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓடும்போது, ஓர் அளவீட்டுக்கு 13 கடிகாரத் துடிப்பு, அதாவது 104 மைக்ரோவிநாடி ஆகும். மண் ஈரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றால், மீதி நேரமெல்லாம் மாற்றி சும்மா மின்சாரம் தின்கிறது. அளவிடும்போது மட்டும் அதை எழுப்பி, மற்ற நேரம் அணைத்து வைப்பதுதான் டியூட்டி சைக்கிளிங். சில்லை ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பினாலும் மாற்றி தானாக அணையாது. மாற்றியை இயக்கி அணைக்கும் ஏடிஇஎன் பிட்டை நாம்தான் 0 ஆக்க வேண்டும். பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஆனால் அணைத்து எழுப்புவதற்கும் செலவு உண்டு. எழுந்தபின் முதல் அளவீட்டுக்கு 25 துடிப்பு, 200 மைக்ரோவிநாடி. விநாடிக்கு 5,000 அளவீடு கேட்டால் அணைக்க இடைவெளியே கிடைக்காது. ஆக, இந்த உத்தி மெதுவான அளவீட்டுக்குத்தான்.

வைகைப் பாசனத்தில் சில நாள் திறந்து சில நாள் அடைப்பதை 'முறை வைத்துத் தண்ணீர் விடுவது' என்கிறோம். அதே போல 'முறைவைத்து இயக்கல்' என்கலாமே? இயங்கும் நேரத்துக்கும் மொத்த நேரத்துக்கும் உள்ள விகிதம், அதாவது 'டியூட்டி சைக்கிள்', வேறு சங்கதி. அதற்கு 'இயங்கு விகிதம்'. ஆங்கிலத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் நாமும் ஒட்ட வேண்டியதில்லை.

—

> 'முறைவைத்து இயக்கல்' என்கலாமே?

இயங்கு விகிதம் சரி. எல்.இ.டி. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் இடத்திலும் அது அப்படியே பொருந்தும். 'முறை'தான் இடிக்கிறது ஐயா. பாசனத்தில் முறை என்றால் பலர் மாறி மாறிப் பெறுவது. இங்கே இருப்பது ஒரே மாற்றி, பங்குக்கு வேறு ஆளில்லை. ஒரே மாற்றியை எட்டு உணரிகள் மாறி மாறிப் பயன்படுத்தும்போது அந்தச் சொல் தேவைப்படும். அதற்கு எடுத்து வைப்போம்.

இதற்கு 'விட்டுவிட்டு இயக்கல்' போதுமே. மழை விட்டுவிட்டுப் பெய்தது என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. நீளம்தான் கொஞ்சம் அதிகம்; கட்டுரையில் பரவாயில்லை, வரைபடத்தில் எழுத இடிக்கும்.

அப்புறம், எழுந்ததும் கூடுதலாகப் போகும் அந்த 12 துடிப்புக்கும் பெயர் வேண்டும். 'எழுநேரம்' சரிவருமா?